முத்து அண்ணை தனியப் போன நாடு

லண்டனின் மோர்டன் கத்தோலிக்கப் பங்கில் யாராவது ஊருக்குப் போவதென்றால் விமானச்சீட்டு எடுத்த கையோடு முத்து அண்ணைக்கு ஒரு போன் அடிப்பார்கள். ஹீத்ரோவோ கற்விக்கோ, எதுவானாலும் அவர் தன்னுடைய பழைய காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார். பெட்டிகளைத் தூக்கி வைப்பார். போகிறவர்கள் உள்ளே போய் மறையும் வரை நின்று கையசைத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வருவார். அதற்காக அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. வழியில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோமா என்று கேட்டவர்களும் குறைவு.

முழுப்பெயர் செபமாலைமுத்து. மன்னார் பேசாலையில் பிறந்து, தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியபோது லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். வயது ஐம்பத்தெட்டு. மோர்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெயார்டேக்கராக வேலை. காலையில் எல்லோருக்கும் முதல் வந்து கேற்றைத் திறப்பார், பின்னேரம் எல்லோரும் போனபின் பூட்டுவார். கலியாணம் பேசாமலில்லை. இரண்டு தங்கச்சிமாரும் கரைசேரட்டும் என்று முதலில் அவரே தள்ளிப்போட்டார். பிறகு பேசிய இடம் ஒன்று குழம்பியது. அதற்குப் பிறகு பேச்சை எடுக்க வீட்டில் பெரியவர்கள் இல்லை. ஒரு தங்கச்சி கனடாவில். மற்றவள் பியற்றிஸ், லண்டனிலேயே நோர்பரியில். பியற்றிஸின் புருசன் இறந்து சில வருடங்களாகின்றன. ஒரே மகள் ஜெனோஜா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு முத்து அங்கே போய் மத்தியானம் சாப்பிடுவார். மற்ற ஆறு நாளும் தன்னுடைய ஒற்றை அறை வீட்டில் தானே சமைத்துச் சாப்பிடுவார்.

ஜெனோஜா படிப்பை முடித்தபோது லாவோஸுக்குப் போகவேண்டுமென்று ஒரு ஆசையை வளர்த்திருந்தாள். தாய்லாந்துக்கும் வியட்னாமுக்கும் எல்லோரும்தான் போகிறார்கள், நடுவிலிருக்கும் இந்த நாட்டை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவளுடைய வாதம். முதுகில் ஒரு பை, மலிவான ஹொஸ்டல்கள், பஸ், படகு. கூட வருவதாக இருந்த சிநேகிதி கஜந்தினி கடைசியில் பின்வாங்கிவிட்டாள். பெட்டைப் பிள்ளையைத் தனிய விடமாட்டேன் என்று பியற்றிஸ் பிடிவாதமாக நின்றாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது ஜெனோஜா திரும்பி, அப்படியென்றால் முத்து மாமா கூட வரட்டும் என்றாள். பியற்றிஸ் சிரித்தாள். முத்து சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, லீவு நிறையச் சேர்ந்து கிடக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

கொண்டுபோய் விடுங்கோ என்று அவரைக் கேட்டவர்கள் பலர். கூட வாங்கோ என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் அவருக்குச் சந்தோசமானவை. ஜெனோஜா அவரைக் கூட்டிப்போய் ஒரு முதுகுப்பை வாங்கிக் கொடுத்தாள். பிள்ளைகள் வீடு போனபின், பைக்குள் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடந்து பழகினார். 'சபாய்டீ' என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டார். கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அங்கே கோயில் இருக்கிறதா என்று ஒரு அம்மா கேட்டார். இருக்கும் என்றார் முத்து.

புறப்படுவதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஜெனோஜா அவருடைய வீட்டுக்கு வந்தாள். அவள் அங்கே வருவது குறைவு. வந்தவள் இருக்காமல் நின்றபடியே, தான் நெடுநாளாக எதிர்பார்த்த வேலை கிடைத்துவிட்டதாகவும் உடனே சேரச் சொல்கிறார்கள் என்றும் சொன்னாள்.

"அதுக்கேன் அழுகிறாய்? வேலை கிடைச்சது நல்லதுதானே," என்றார் முத்து.

"மாமா, நீங்களாவது போங்கோ. எல்லாம் புக் பண்ணியாச்சு. உங்கட போனிலை எல்லாத்தையும் போட்டுத் தாறன்."

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவள் போனபிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பையைப் பார்த்தார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் லீவை ரத்துச் செய்யச் சொல்வதற்காகத் தலைமையாசிரியரின் அறை வரை போனார். கதவு திறந்துதான் இருந்தது. தட்டாமல் திரும்பி வந்துவிட்டார்.

புறப்படும் நாளில் அவரை ஹீத்ரோவுக்குக் கொண்டுபோக ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. கேட்டிருந்தால் யாராவது வந்திருப்பார்கள். அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. மோர்டனில் பாதாள ரெயினின் நோர்தர்ன் லைனில் ஏறி, லெஸ்டர் ஸ்குவேரில் பிக்கடில்லி லைனுக்கு மாறி, பையை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

தலைநகர் வியன்டியானில் ஜெனோஜா பிடித்து வைத்திருந்த ஹொஸ்டலில் ஒரே அறைக்குள் அடுக்குக் கட்டில்கள். இருந்தவர்கள் எல்லோரும் அவளுடைய வயதுப் பிள்ளைகள். முத்துவுக்குக் கிடைத்தது மேல் கட்டில். ஏணியில் அவர் ஏறுவதைப் பார்த்த ஒரு ஒல்லாந்துப் பொடியன் மரியாதையாகத் தன்னுடைய கீழ்க் கட்டிலை விட்டுக்கொடுத்தான். காலையில் முகம் கழுவிவிட்டு வெளியே வந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெட்டை அவரை நிறுத்தி, புதுத் துவாய் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவர் அங்கே வேலை செய்பவர் என்று நினைத்துவிட்டாள். துவாய் இருந்த அலுமாரியை முத்து முதல் நாளே கண்டிருந்தார். அதைக் காட்டிவிட்டு, அவள் நன்றி சொன்னதற்குத் தலையசைத்துவிட்டு வந்தார். தானும் பயணிதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பிள்ளை வெட்கப்படும் என்று தோன்றியது.

அங்கிருந்து ரெயினில் லுவாங் பிரபாங் போனார். காவி உடுத்த பிக்குகள் காலையில் வரிசையாக வந்து சோறு வாங்குவதைத் தெருவின் மறுபக்கத்தில் நின்று பார்த்தார். மூங்கில் பெட்டியில் வரும் ஒட்டுச்சோற்றைக் கையால் உருட்டிச் சாப்பிட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் 'சபாய்டீ', 'தாங்யூ', 'ஹவ் மச்' தவிர வாயிலிருந்து வேறு சொல் வராமலே நாட்கள் போயின. எடுத்த படங்களை ஜெனோஜாவுக்கு அனுப்பினார். அவள் சிவப்பு இதயங்களாகத் திருப்பி அனுப்பினாள். புது வேலை, பாவம், நேரம் இருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியாகப் போகவேண்டிய இடம் வடக்கே மூவாங் ஙொய் என்ற கிராமம். அதற்கு ஆற்றில் படகிலே போவதுதான் வழக்கம். இரண்டு பக்கமும் சுவர்போல நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகள், நடுவே பச்சைத் தண்ணீர். ஊர் என்பது ஒரு நீளத் தெரு, அதன் ஓரத்தில் ஆற்றைப் பார்த்தபடி மூங்கில் குடில்கள். கேயோ என்றொரு பெண் நடத்திய குடிலில் அவர் தங்கினார். கேயோவுக்கு ஆங்கிலம் தெரியாது. விரலைக் காட்டியும் சிரித்தும்தான் எல்லாம் நடந்தது.

வந்த அடுத்த நாள் ஊருக்குப் பின்னாலிருந்த மலையில் ஏறினார். மேலே நின்றால் ஆறு முழுவதும் தெரியுமென்று ஜெனோஜா சொல்லியிருந்தாள். தெரிந்தது. மேலே வேறு ஒருவரும் இருக்கவில்லை. மேகம் கீழே ஆற்றின் மேல் படுத்திருந்தது. அவர் சற்றுநேரம் பார்த்தார். பிறகு யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்து, யாருமில்லாமல், இறங்கத் தொடங்கினார். ஈரப்பாறையில் கால் சறுக்கியது. கணுக்கால் மடிந்து விழுந்தவர் எழும்ப முடியாமல் அங்கேயே கிடந்தார்.

விறகு கொண்டுவந்த இரண்டு ஆண்கள் கண்டார்கள். ஒருவன் விறகைக் கீழே போட்டுவிட்டு அவரை முதுகில் தூக்கிக்கொண்டான். கிராமத்து மருந்தகத்து நேர்ஸ் அமத்திப் பார்த்து, முறிவில்லை என்று கையால் காட்டி, இறுக்கிக் கட்டுப் போட்டுவிட்டாள். கேயோ அவரைக் குடிலின் விறாந்தையில் சாய்த்து இருத்தி, மூங்கில் குருத்து சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

சூப் குடிக்கும்போதுதான் முத்துவுக்கு அந்த யோசனை வந்தது. இதே கால் மோர்டனில், தன்னுடைய வீட்டுப் படியில் மடிந்திருந்தால், அந்த நேரத்தில் ஒரு கோப்பை சூப்போடு யார் வந்திருப்பார்கள்? பியற்றிஸ் வந்திருப்பாள், ஆனால் அவர் சொன்னால்தான். அவர் சொல்லியிருக்க மாட்டார். இப்போதும்கூட அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் காலைச் சற்று நகர்த்தப் பார்த்தவர் வலியில், "ஐயோ மாதாவே," என்றார்.

அடுத்த குடிலின் விறாந்தையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "நீங்க தமிழா?"

நரைத்த முடியைக் கட்டையாக வெட்டி, சுரிதார் போட்ட ஒரு பெண். அவருடைய வயதுதான் இருக்கும். பெயர் கனகவல்லி. கும்பகோணத்துக்காரி. எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று மாறி மாறிக் கேட்டபோது இருவருக்கும் பதில் லண்டனாக இருந்தது. அவள் வால்தம்ஸ்டோ. ஆஸ்பத்திரி நிர்வாகமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை. ஒரே நகரத்தில் முப்பது வருடம் இருந்தும் தெற்கு மூலையிலிருப்பவரை வடக்கு மூலையிலிருப்பவர் காண்பதற்கு ஒரு காரணமும் நேர்ந்திருக்கவில்லை.

அடுத்த நாள் காலைப் படகில் போகவிருந்தவள் போகவில்லை. கால் இப்படி இருக்கும்போது தமிழ் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்று சாதாரணமாகச் சொன்னாள். கேயோவின் வீட்டு அடுப்பில் தன் பையிலிருந்த ரசப்பொடியைப் போட்டு ரசம் வைத்தாள். அவள் அவரை 'முத்து சார்' என்று கூப்பிட்டாள். அப்படி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவளை அக்கா என்பதா தங்கச்சி என்பதா என்று தெரியாமல் முத்து ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே கதைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்கில் கிறிஸ்து அரசர் திருநாள். வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. கிறிஸ்துவின் சுருவத்தைச் சுற்றிப் பூக்கள், பாடகர் குழு, மண்டபத்தில் சாப்பாடு. அவற்றுக்கு நடுவே அவருக்கென்று தனியாக ஒரு செய்தி வந்தது. கிருசாந்தன் என்ற பங்கு இளைஞன் எழுதியிருந்தான். வருகிற சனிக்கிழமை மாமியாக்கள் ஊருக்குப் போகிறார்கள், அண்ணை ஹீத்ரோவுக்கு வரமுடியுமா என்று. போன ஞாயிறும் இந்த ஞாயிறும் முத்து பூசைக்கு வரவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் லாவோஸில் நிற்பதாகப் பதில் எழுதினார். எங்கை அண்ணை அது என்று சிரிக்கும் முகமொன்றோடு பதில் வந்தது. சரி, வேறு ஆளைக் கேட்கிறேன் என்று அதற்குக் கீழே இன்னொன்று. அவ்வளவுதான். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

என்ன செய்தி என்று கனகவல்லி கேட்டாள். அவர் எடுத்துக் காட்டினார். வாசித்தவள், "ஹீத்ரோவுக்கு டாக்ஸி ஓடுதுன்னு யாராவது அந்தப் பையனுக்குச் சொல்லலாம்," என்றாள். முத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் நோகநோகச் சிரித்தார். சிரித்து முடிந்தபோது முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது. அவள் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தன்னைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் கணவர் கல்யாணசுந்தரம், மாமியார், மகன், மருமகள், பேரன். காலையில் கண் விழித்ததிலிருந்து யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் கெட்டவர்களில்லை. ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் மூன்று வாரம் இப்படி எங்காவது மலிவாகத் தனியாகக் கிளம்பிவிடுவது அவளுடைய வழக்கம்.

"இந்த மூணு வாரம் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இதை வச்சுத்தான் மிச்ச வருஷத்தை ஓட்டறேன்."

"எனக்கு வருசம் முழுக்க இப்பிடித்தான்," என்றார் முத்து.

ஜெனோஜாவோடு புறப்படவிருந்த கதையை அவர் முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தார். "தங்கச்சி மக வரலைன்னதும் நீங்க நின்னிருக்கலாமே. ஏன் வந்தீங்க?" என்று கேட்டாள்.

முத்து காலிலிருந்த கட்டைச் சரிசெய்தபடி சொன்னார். "கூட வாங்கோ எண்டு என்னை ஆரும் கேட்டதில்லை. ஒருக்காக் கேட்டாப் பிறகு, என்னாலை நிக்க ஏலாமல் போச்சு."

கனகவல்லி தலையாட்டினாள். ஆற்றில் ஒரு படகு போயிற்று. அந்த இருக்கையிலேயே, விறாந்தையில் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி இருந்த அவரைத் தன் போனில் ஒரு படம் எடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து அவள் படகேறினாள். லண்டன் வந்ததும் கூப்பிடுங்கள் என்று நம்பரைத் தந்தாள். முத்து நொண்டியபடி படித்துறை வரை போனார். படகு வளைவில் மறையும் வரை நின்று கையசைத்தார். வாழ்நாள் முழுவதும் செய்துவந்த வேலைதான். ஆனால் அன்றைக்குத் திரும்பி நடக்கக் கால் வரவில்லை, கணுக்கால் வலியால் மட்டுமல்ல. அவருடைய படகு வரும் வரைக்கும் விறாந்தையில் இருந்து ஆற்றைப் பார்த்தார். பக்கத்துக் குடிலில் ஒரு பிரெஞ்சுச் சோடி வந்து சேர்ந்தது.

லண்டன் குளிரில் வந்து இறங்கியபின் அந்தக் கிழமையே நோர்பரியில் சாப்பிடப் போனார். அவர் நொண்டுவதைப் பியற்றிஸ் கண்டுபிடித்து, ஏன் சொல்லவில்லை என்று கோபித்தாள். ஜெனோஜாவின் முகம் சுருங்கிவிட்டது. அவளைச் சமாதானப்படுத்த அவர் படங்களைக் காட்டினார். அவள் வேகமாக விரலால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, "மாமா, நீங்கள் ஒண்டிலையும் இல்லையே," என்றாள். அவர் இருந்த ஒரே படம் வால்தம்ஸ்டோவில் ஒரு போனில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

புதுவருட வாழ்த்தைச் சாட்டாக வைத்துக் கனகவல்லிக்குப் போன் எடுத்தார். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தமும் ஒரு ஆண் குரலும் கேட்டன. அவள் ஏதோ கம்பெனிக்காரனிடம் பேசுவதுபோல ஆங்கிலத்தில், பார்த்துவிட்டுத் திரும்ப அழைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். மத்தியானம் ஒரு பூங்காவில் நடந்துகொண்டே எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"முத்து சார், நான் ஆபீஸ் லேடீஸ் கூட்டத்தோட போறேன்னுதான் வீட்ல நினைச்சிட்டிருக்காங்க. தனியா போறேன்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் விடமாட்டாங்க. உங்களை எங்க பாத்தேன்னு என்ன சொல்லுவேன்?"

"விளங்குது," என்றார் முத்து.

"கோவமா?"

"இல்லை. உங்கட மூண்டு கிழமையை நான் கெடுக்கக்கூடாது."

கால் எப்படியிருக்கிறது என்று கேட்டாள். சுகம் என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த நம்பருக்கு எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. சில சனிக்கிழமைகளில் அவர் விக்டோரியா லைனில் கடைசி வரை போய் வால்தம்ஸ்டோச் சந்தைத் தெருவில் நடந்துவிட்டு வந்தார். வாங்குவதற்கு ஏதாவது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் போவார். அவளைக் காணவில்லை. கண்டிருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டார். வசந்தகாலம் வந்தபோது அதையும் விட்டுவிட்டார்.

கோடையில் பள்ளிக்கூடத்தில் போய், நவம்பருக்குத் திரும்பவும் லீவு கேட்டார். பியற்றிஸிடம் சொன்னபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெனோஜா வேலையிடத்துக்குக் கிட்டவாகத் தனி வீடு பார்த்துப் போய்விட்டிருந்த நேரம். போன முறை காலை உடைத்துக்கொண்டு வந்தது போதாதா, அங்கே அப்படி என்ன கிடக்கிறது என்று கேட்டாள்.

"அங்கை தனிய இருந்தா ஏனெண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம், பியற்றிஸ். எல்லாருக்கும் நான் ஊர் பாக்க வந்த ஆள்தான்."

பியற்றிஸ் தண்ணீர்க் குழாயை மூடினாள். "இந்த முழங்காலோடை எனக்கும் அங்கை நடக்கேலுமோ, அண்ணை?"

ஏலும், தெற்குப் பக்கம் எல்லாம் சமதரை, சைக்கிளிலும் போகலாம் என்று அவர் அவசரமாகச் சொன்னார். அவளுக்கும் ஒரு பை வாங்கினார்கள். இம்முறை அண்ணனும் தங்கச்சியுமாகப் போவதென்று கோயிலில் பலருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் நெடுநாள் காத்திருந்த முழங்கால் ஒப்பரேசனுக்குப் பியற்றிஸை நவம்பரிலேயே வரச் சொன்னார்கள். அதைத் தள்ளிப்போட்டால் எப்போது கிடைக்குமென்று தெரியாது. தானும் போகாமல் நிற்பதாகச் சொன்னார் முத்து. ஜெனோஜா பார்த்துக்கொள்வாள், போயிட்டு வாங்கோ என்று அவள்தான் அனுப்பிவைத்தாள்.

தெற்கு லாவோஸில் மேகொங் ஆறு பரந்து பல தீவுகளாகப் பிரிகிறது. அதில் ஒன்றில் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, வயலோரப் பாதைகளில் நாள் முழுவதும் ஓடினார். ஒரு பின்னேரம் கரையோரக் கடையொன்றில் பொரித்த மீனும் ஒட்டுச்சோறும் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பியற்றிஸ். லண்டனில் அப்போதுதான் காலை. ஒப்பரேசன் முடிந்து இரண்டாம் நாள்.

"விசிற்றேர்ஸ் பின்னேரந்தான் வருவினம், அண்ணை. இஞ்சை ஒருத்தரும் இல்லை. ஏதும் கதையுங்கோ."

முத்து மீன் தட்டை ஒதுக்கி வைத்தார். முன்னால் இருந்ததைச் சொல்லத் தொடங்கினார். தண்ணீர் மண்ணிறம். நடுவில் ஒரு மணல் திட்டு. அதில் இரண்டு எருமைகள் படுத்திருக்கின்றன. ஒரு மனிசன் வலையை உதறுகிறான். அவள் அவ்வப்போது ஓம், ஓம் என்றாள். பிறகு ஓம் நின்றது. மருந்து மயக்கத்தில் நித்திரையாகியிருக்க வேண்டும். வார்ட்டில் ஒரு வண்டி உருளும் சத்தமும், யாரோ ஒரு நேர்ஸ் யாருக்கோ காலை வணக்கம் சொல்வதும் கேட்டன.

முத்து உடனே போனை வைக்கவில்லை. அவளுடைய மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று சிறிது நேரம் காதோடு வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்திவிட்டு, ஆறிப்போன மீனைச் சாப்பிட்டு முடித்தார். வலைக்காரன் போய்விட்டிருந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே குடிலுக்கு நடந்தார்.